மீண்டும் வந்த மலைப்பாம்பு: கோல்ட் பைத்தான் ரிவால்வர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோல்ட் பைத்தான் என்பது என்ன? அதைப் பற்றி ஏன் இத்தனை பேச்சு?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த கோல்ட் நிறுவனம் 1955-இல் வெளியிட்ட, ஆறு தோட்டாக்கள் கொள்ளும் ரிவால்வர் அது. .357 மேக்னம் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது, சற்றுக் குட்டையான .38 ஸ்பெஷல் தோட்டாவையும் அதிலேயே சுடலாம். குழலின் மேல் காற்றோட்டத் துளைகள் கொண்ட ஒரு முகடும், குழலின் அடியில் வாய்வரை நீளும் கனமான எஃகுக் கட்டையும் அதன் அடையாளங்கள். அந்தக் கட்டையின் எடை துப்பாக்கியின் முனையைக் கீழ்நோக்கி இழுப்பதால், சுடும்போது முனை துள்ளுவது குறையும்.

வெளிவந்த ஆண்டில் அதன் விலை 125 டாலர். அப்போதைய கைத்துப்பாக்கிகளுக்கு அது பெருந்தொகை. கோல்ட் அதைத் தன் கடைவரிசையின் உச்சியில் வைத்தே விற்றது. சட்டகத்தையும் உள்பாகங்களையும் அரத்தாலும் கல்லாலும் தேய்த்து ஒன்றோடொன்று பொருத்தும் வேலை, பல்லாண்டு பழகிய கைகளிடமே விடப்பட்டது. பைத்தான் என்றால் மலைப்பாம்பு. 1950-இல் வந்த கோப்ராவில் தொடங்கி டயமண்ட்பேக், வைப்பர், கிங் கோப்ரா, அனகோண்டா என்று நீண்ட பாம்புக் குடும்பத்தில் பேரும் விலையும் பெற்றது இதுதான்.

அவ்வளவு பெயர் பெற்றதை ஏன் நிறுத்தினார்கள்?

ஒரே காரணத்தைச் சொல்லி முடிக்க முடியாது. 1980-களில் அமெரிக்கக் காவல்துறைகள் ஒவ்வொன்றாக ரிவால்வரை விட்டு 9 மில்லிமீட்டர் பிஸ்டல்களுக்கு மாறின. ஆறு தோட்டாவுக்குப் பதில் பதினைந்து தோட்டா என்ற கணக்கின் முன்னால் மெருகும் நயமும் எடுபடவில்லை. அதே வேளையில் கோல்ட் தொழிற்சாலையில் 1986 ஜனவரியில் தொடங்கிய வேலைநிறுத்தம் 1990 வரை இழுத்தது. இடையில், 1988-இல், அமெரிக்கப் படைக்கு எம்-16 துப்பாக்கி செய்து தரும் ஒப்பந்தம் வேறு நிறுவனத்துக்குப் போயிற்று. 1992-இல் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோர வேண்டியதாயிற்று.

பைத்தானுக்கே உரிய சங்கடம் வேறொன்று. ஒவ்வொரு துப்பாக்கியையும் கையால் பொருத்தித் தரும் தொழிலாளர்கள் ஓய்வு பெற்றபோது, அவர்கள் இடத்தில் உட்கார வைக்க ஆள் இல்லை. ஆளைப் பழக்கக் காலமும் இல்லை, பணமும் இல்லை. 1999-இல் வழக்கமான உற்பத்தி நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்தது. அதன் பிறகு ‘பைத்தான் எலீட்’ என்ற பெயரில், கோல்ட்டின் தனிப்பணிப் பட்டறையிலிருந்து சிறிய எண்ணிக்கையில் 2005 வரை வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

திரும்ப வந்தது எப்போது, எப்படி?

2015-இல் கோல்ட் மறுபடியும் திவால் பாதுகாப்புக்குப் போய், அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மீண்டது. இதற்கிடையே பழைய பைத்தான்களின் விலை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. செய்தவர் கடையில் சரக்கு இல்லை; வாங்கி வைத்திருந்தவர்களுக்குள் வியாபாரம் கொழித்தது. இந்த நிலை ஒரு நிறுவனத்தின் கண்ணை உறுத்தாமல் இராது.

2017-இல் கோப்ராவைப் புது வடிவில் கொண்டுவந்து கோல்ட் ஆழம் பார்த்தது. 2019-இல் கிங் கோப்ரா வந்தது. 2020 ஜனவரியில் பைத்தான் வந்தது, 4.25 அங்குலம், 6 அங்குலம் என இரண்டு குழல் நீளங்கள், இரண்டுமே துருப்பிடிக்காத எஃகில், பரிந்துரை விலை 1,499 டாலர். 2021-இல் .44 மேக்னம் அனகோண்டா பின்தொடர்ந்தது. அதே 2021-இல் செக் நாட்டின் செஸ்கா ஸ்ப்ரோயோவ்கா குழுமம் கோல்ட்டை வாங்கிக்கொண்டது. ஆகவே பைத்தானை உயிர்ப்பித்தவர்கள் செக் முதலாளிகள் என்று சிலர் சொல்வது தவறு. அவர்கள் வந்தபோது பைத்தான் ஏற்கெனவே கடைகளில் இருந்தது.

4 அங்குலக் குழல் என்பதுதானே பழைய அளவு? இந்தக் கால் அங்குலம் எங்கிருந்து வந்தது?

கனடாவின் சட்டப்படி 105 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ நீளமுள்ள குழல் கொண்ட கைத்துப்பாக்கி தடைசெய்யப்பட்ட வகையில் சேரும். 4 அங்குலம் என்பது 101.6 மில்லிமீட்டர், 4.25 அங்குலம் என்பது சுமார் 108. கால் அங்குலம் கூட்டினால் வடக்கே ஒரு சந்தை திறக்கிறது என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். 2022 அக்டோபரில் கனடா கைத்துப்பாக்கி விற்பனையையே முடக்கியதும் அந்தச் சந்தை அடைபட்டது. கால் அங்குலம் மட்டும் துப்பாக்கியோடு தங்கிவிட்டது.

புதியது பழையதன் அச்சு நகலா?

தோற்றத்தில் பெரும்பாலும் ஆம், உள்ளே இல்லை. இந்தக் கேள்விக்கான விடையைப் பொறுத்தே மற்ற எல்லா மதிப்பீடும் அமைவதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பழைய பைத்தானின் உள்ளமைப்பு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோல்ட் வடித்த ரிவால்வர்களின் வழியில் வந்தது. விசையை இழுத்ததும் ‘கை’ எனப்படும் சிறிய எஃகு நெம்பு மேலெழும்பி, ஆறு தோட்டா அறைகள் கொண்ட சிலிண்டரின் பின்புறத்துப் பற்களைத் தள்ளிச் சுழற்றும். அந்தக் கைக்கு இரண்டு படிகள் உண்டு. முதல் படி சுழற்சியைத் தொடங்கிவைக்கும். இரண்டாம் படி, அடியிலிருந்து எழும் தாழ் சிலிண்டரின் பள்ளத்தில் விழுந்த பிறகும், விசை பின்னால் இருக்கும் வரை சிலிண்டரை அந்தத் தாழின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதனால் தோட்டா வெடிக்கும் கணத்தில் சிலிண்டர் இம்மியும் அசையாது. பைத்தான்காரர்கள் அதை வங்கிப் பெட்டகத்தின் பூட்டோடு ஒப்பிடுவார்கள்.

இந்தப் பூட்டுக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு முறையும் கையின் நுனி அழுத்தத்தோடு தேய்கிறது, பற்களும் தேய்கின்றன. ஆயிரத்தில் சில பங்கு அங்குலம் தேய்ந்தாலே போதும், தாழ் பள்ளத்தில் விழுவது தாமதமாகிவிடும். அப்போது துப்பாக்கிக் கம்மியர் கையைக் கழற்றி, லேசாகத் தட்டி நீட்டி, மீண்டும் தேய்த்துப் பொருத்த வேண்டும். எதற்காகப் பைத்தானைக் கொண்டாடினார்களோ, அதே இடத்தில்தான் அதன் நோயும் இருந்தது என்பது என் கணிப்பு. போட்டியாளரான ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ரிவால்வரில் சிலிண்டருக்குச் சிறிது அசைவு விட்டே வைத்திருப்பார்கள். அது தளர்ச்சி போலத் தோன்றும், ஆனால் நெடுநாள் தாங்கும்.

புதிய பைத்தானில் அந்த உள்ளமைப்பை எளிமையாக்கிவிட்டார்கள். பழையதைவிடப் பதினான்கு பாகங்கள் குறைவு என்றும், குறிபார்க்க உதவும் பின்பக்க அமைப்பான பின் குறியின் அடியில் சட்டகத்தின் முதுகில் 30 சதவீதம் கூடுதல் எஃகு விட்டிருப்பதாகவும் கோல்ட் அறிவித்தது. கையால் தேய்த்துப் பொருத்துவதற்குப் பதிலாகக் கணினி இயக்கும் கடைசல் இயந்திரங்களின் துல்லியத்தை நம்பினார்கள். சிலிண்டர் வலப்பக்கமாகச் சுழல்வதும், தாழ்ப்பாளைப் பின்னால் இழுத்துச் சிலிண்டரைத் திறப்பதும், குழலுக்குள் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என ஓடும் இடப்பக்கப் புரியும் அப்படியே இருக்கின்றன. ஆக, பேரும் உருவமும் பழக்கமும் மறுபிறவி எடுத்தன. இயந்திரம் புதிதாகப் பிறந்தது.

இரண்டையும் கையில் எடுத்தால் வேறுபாடு தெரியுமா?

தெரியும். ஹூஸ்டனில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் 1960-களில் செய்த, நீல மெருகிட்ட 6 அங்குலப் பைத்தானும், மறுவரவுக்குப் பின் வாங்கிய 6 அங்குலப் பைத்தானும் இருக்கின்றன. ஒரு மாலை இரண்டையும் காலி செய்து, இருவரும் மாறிமாறிச் சரிபார்த்து, மேசைமேல் துண்டு விரித்து வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கச் சொன்னார்.

பழையதில் விசை எண்ணெயில் வழுக்குவது போலத் தொடங்கி, கடைசிக் கால்பங்குத் தூரத்தில் விரலை எதிர்த்து நிற்கிறது. பாரம் ஏறுவது தெளிவாகத் தெரிகிறது. அதன் தகட்டு வில்லின் குணம் அது. பழகியவர்கள் அந்த எதிர்ப்பையே ஒரு நிறுத்தமாகப் பயன்படுத்தி, அங்கே குறியைச் சரிபார்த்துக்கொண்டு, மீதியை இழுப்பார்கள். புதியதில் தொடக்கம் முதல் முடிவு வரை ஏறக்குறைய ஒரே பாரம். கடைசியில் மலை ஏறுவதில்லை. ஆனால் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னால் இழுத்துவைத்து, விசையை மெல்லத் தொட்டுச் சுடும் முறையில் பழையது பனிக்கட்டி முறிவது போல விடுபடுகிறது; புதியதற்குச் சற்று அதிகமாக அழுத்த வேண்டியிருக்கிறது. கண்ணைத் திறப்பதற்கு முன்பே எது எது என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது முறையில் நண்பர் இரண்டையும் மாற்றிவைத்தார்; அப்போதும் ஏமாறவில்லை.

எடையில் பெரிய வேறுபாடு உணரவில்லை. புதிய 6 அங்குலம் 46 அவுன்ஸ், அதாவது சுமார் 1.3 கிலோ, 4.25 அங்குலம் 42 அவுன்ஸ்.

2020-இல் எழுந்த குறைகள் என்னென்ன? அவை உண்மையா?

உண்மை. முதல் தொகுதிகள் கடைக்கு வந்த சில வாரங்களுக்குள்ளேயே காணொளிகள் வரத் தொடங்கின. சில துப்பாக்கிகளில் விசையை இழுத்தும் சிலிண்டர் சுழலவில்லை, அல்லது பாதியில் நின்றது. சிலவற்றில் குழல் வாயின் விளிம்பில் கடைசல் தழும்புகள் இருந்தன. உள்பாகங்களை மூடும் பக்கத் தகடு சட்டகத்தோடு சேரும் கோட்டில் மெருகு பிசகியிருந்தது. பின் குறி சுடச்சுட இடம் நகர்ந்தது.

இவற்றை ஒரே தட்டில் போட்டு நிறுப்பது சரியல்ல. சிலிண்டர் சுழலாதது மன்னிக்கக்கூடிய குறையல்ல. தோட்டாவின் தரம் எப்படியிருந்தாலும் விசையை இழுத்தால் அடுத்த அறை வந்து நிற்கும் என்பதற்காகத்தான் இன்றும் ஒருவர் ரிவால்வரை வாங்குகிறார். அந்த வாக்குறுதி பொய்த்தால் மீதி எல்லாம் அலங்காரம். பின் குறி நகர்வது எரிச்சல் தருவது, ஆனால் திருகை இறுக்கினால் பெரும்பாலும் தீரும். மாற்றுக் குறிகளைச் செய்து விற்கும் பட்டறைகளும் பின்னால் வந்துவிட்டன. மெருகுப் பிசகு கண்ணுக்கு மட்டும்தான். குழல் வாயின் தழும்பு நடுவில் நிற்பது: ஆழமாக இருந்தால் குறி தவறும், மேலோட்டமாக இருந்தால் ஒன்றும் ஆகாது.

கோல்ட் பழுதான துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்து அனுப்பியது. பின்னர் வந்தவற்றில் சிலிண்டர் பற்றிய புகார் வெகுவாகக் குறைந்தது என்பதே வாங்கியவர்களின் பொதுவான பேச்சு.

அந்தக் குறைகளுக்கு அத்தனை கூச்சல் தேவைதானா? மற்ற நிறுவனங்களின் ரிவால்வர்களில் குறையே வருவதில்லையா?

வரும். ஆனால் ரூகர் நிறுவனத்தின் ஜி.பி.100 ரிவால்வரை வாங்குபவர் ஓர் உறுதியான கருவியை எதிர்பார்த்து, அதற்கான விலையைக் கொடுக்கிறார். பைத்தான் வாங்குபவர் ஒரு பெயருக்கும் சேர்த்தே பணம் கட்டுகிறார். பதினைந்து ஆண்டு காத்திருப்பும் அந்தப் பெயரின் மேல் ஏறியிருந்தது. கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்புக் குறைந்தால் ஊரே பேசுவது போலத்தான் இதுவும். பேசியது நல்லதற்கே; இல்லையென்றால் சரிசெய்திருக்க மாட்டார்கள்.

புதிய பைத்தானைக் கடையில் சோதித்து வாங்குவது எப்படி?

முதலில், துப்பாக்கி காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்ய வேண்டும். கடைக்காரர் ஏற்கெனவே பார்த்துவிட்டார் என்பது காரணமாகாது. விசையைத் தொடுவதற்குக் கடைக்காரரிடம் அனுமதியும் கேட்க வேண்டும்.

அடுத்து டைமிங், அதாவது சுத்தியல் பின்னால் போய் நிற்பதற்குள் சிலிண்டரின் அறை குழலுக்கு நேராக வந்து பூட்டிக்கொள்கிறதா என்பது. சிலிண்டரின் பக்கத்தில் ஒரு விரலால் மிக லேசான தடையைக் கொடுத்துக்கொண்டு, சுத்தியலைக் கட்டைவிரலால் மிக மெதுவாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். சுத்தியல் முழுதாகப் பின்னால் போய் நிற்பதற்கு முன்பே தாழ் பள்ளத்தில் விழும் ‘டிக்’ ஓசை கேட்க வேண்டும். சுத்தியல் நின்ற பிறகும் சிலிண்டரை விரலால் தள்ளினால் ‘டிக்’ என்று விழுகிறதென்றால், அந்த அறையின் டைமிங் தாமதம். ஆறு அறைகளுக்கும் தனித்தனியே செய்ய வேண்டும்; ஐந்து சரியாக இருந்து ஒன்று பிசகியிருப்பது நடக்கும். பலர் சுத்தியலை வேகமாக இழுத்துப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். வேகத்தில் சிலிண்டர் தன் உந்துதலாலேயே ஓடிப்போய்ப் பூட்டிக்கொள்ளும். குறை வெளியே தெரியாது.

பிறகு விசையை மெதுவாக, முழுவதுமாக இழுத்து, மெதுவாக விட வேண்டும். 2020-இன் புகார்கள் பெரும்பாலும் இந்த மெதுவான இழுப்பில்தான் வெளிப்பட்டன.

சிலிண்டருக்கும் குழலின் பின்வாய்க்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்கலாம். மோட்டார் மெக்கானிக் வால்வு இடைவெளி பார்க்கும் அதே தகடுதான். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு முதல் ஆறு பங்கு வரை இருந்தால் நல்லது. சிலிண்டரை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்து, ஆட்டம் இருந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். குழல் வாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். பக்கத் தகட்டின் திருகுகள் இறுக்கமாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். மெருகு கடைசி.

பழைய பைத்தான் வாங்குகிறேன் என்றால் இதே சோதனை போதுமா?

போதாது. டைமிங் சோதனை இங்கேதான் இன்னும் கண்டிப்பாகத் தேவை. கை தேய்ந்த பழைய பைத்தானைச் சரிசெய்யத் தெரிந்த கம்மியர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதோடு பழையது ஒரு சேகரிப்புப் பொருள் என்பதால் வேறு கண்ணாலும் பார்க்க வேண்டியிருக்கிறது.

முக்கியமானது நீல மெருகு மூலமானதா, பின்னால் மறுபடி ஏற்றியதா என்பது. கோல்ட்டின் ராயல் நீலத்தின் இரகசியம் இரசாயனத்தில் குறைவு, மெருகிடுதலில் அதிகம். எஃகைப் படிப்படியாக நுணுக்கமான தேய்ப்பில் கண்ணாடிபோல் ஆக்கிய பிறகுதான் நீலத் தொட்டியில் இறக்குவார்கள். மறுமெருகு இட்டவர் அவசரக்காரராக இருந்தால் குழலில் அச்சடித்த எழுத்துகளின் ஓரம் மழுங்கும். கோல்ட்டின் பாயும் குதிரைச் சின்னத்தின் பிடரி கரைந்து போயிருக்கும். திருகுத் துளையின் விளிம்பு குழிந்து சிறு கிண்ணம் போலாகும். தட்டையான பரப்புகள் அலையடிக்கும். ஜன்னலருகே போய், விளக்குக் குழாயின் பிரதிபலிப்பைச் சட்டகத்தின் மேல் ஓடவிட்டுப் பார்த்தால் அலை தெரிந்துவிடும்.

சிலிண்டரைச் சுற்றி ஓடும் தேய்வுக்கோடு எவ்வளவு சுட்டிருக்கிறார்கள் என்பதைச் சுமாராகச் சொல்லும். முதன்முதலில் வந்த சில துப்பாக்கிகளில் குழலடிக் கட்டை உள்ளே குடைந்து காலியாக விடப்பட்டிருந்தது. அவற்றைச் சேகரிப்பாளர்கள் தனியாகத் தேடுகிறார்கள். மூலப் பெட்டியும் காகிதங்களும் இருந்தால் விலை ஏறும். தொடர் எண்ணைக் கொடுத்துக் கோல்ட்டின் ஆவணப் பிரிவில் கட்டணம் செலுத்தினால், அந்தத் துப்பாக்கி எப்போது, எந்த வடிவில் அனுப்பப்பட்டது என்று கடிதம் தருவார்கள். பெரிய தொகை கைமாறும் முன் அந்தக் கடிதத்துக்குச் செலவிடுவது வீணல்ல.

பழைய பைத்தான் வைத்திருப்பவர்கள் புதியதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்?

இரண்டு வகையினரைப் பார்க்கிறேன். முதல் வகையினர் சுடுபவர்கள். அவர்கள் புதியதை வாங்கிய பிறகு பழையதைப் பெட்டியில் வைத்துவிட்டதாகச் சொல்கிறார்கள்; முழுவலிமை மேக்னம் தோட்டாவைத் தேய்மானப் பயமின்றிப் போட்டுச் சுட இப்போதுதான் ஒரு பைத்தான் கிடைத்தது என்பது அவர்கள் வாதம். இரண்டாம் வகையினர் பார்ப்பவர்கள். நீலத்தின் ஆழத்தில் முகம் பார்த்துப் பழகியவர்களுக்கு வெள்ளை எஃகு எவர்சில்வர்ப் பாத்திரம் போலத் தெரிகிறது. கையால் செய்தது, இயந்திரத்தில் செய்தது என்ற பேச்சும் அங்கேதான் வரும்.

கையால் செய்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகவே நம்ப வேண்டும் என்பேன். கையால் பொருத்திய எல்லாப் பைத்தான்களும் ஒரே தரமல்ல. வேலைநிறுத்தக் காலத்திலும் அதன் பின்னரும் வந்தவற்றைப் பழைய சேகரிப்பாளர்களே கூடுதல் கவனத்தோடுதான் பார்க்கிறார்கள். ஒரு நல்ல கை செய்ததற்கு இயந்திரம் ஈடாகாது. ஒரு சோர்ந்த கை செய்ததை இயந்திரம் எளிதில் மிஞ்சிவிடும்.

நீல மெருகுடன் புதியது வராதா?

வந்துவிட்டது. முதல் ஆண்டுகளில் துருப்பிடிக்காத எஃகு மட்டுமே இருந்தது. 2024-இல் நீல வகையையும் கோல்ட் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அழகாகவே இருக்கிறது. 1960-களின் நீலத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருந்தால் இன்னும் அழகு.

புதியது வந்ததால் பழையதன் விலை விழுந்ததா?

விழும் என்று 2020-இல் பலர் அஞ்சினார்கள். சிலர் அவசரமாக விற்கவும் செய்தார்கள். அந்த அச்சம் பலிக்கவில்லை. நல்ல நிலையில் உள்ள பழைய பைத்தான் இன்றும் புதியதைவிடத் தெளிவாக அதிக விலைக்குத்தான் போகிறது. காரணம் எளிது. பழையதை வாங்குபவர் சுடுவதற்காக வாங்கவில்லை. அரைகுறை நிலையில் உள்ள, மெருகு போன, சுடுவதற்கு மட்டுமே பயன்படும் பழைய பைத்தான்தான் இப்போது நடுவில் மாட்டிக்கொண்டது. அதே தொகைக்கு உத்தரவாதத்தோடு புதியதே கிடைக்கும்போது அதை ஏன் வாங்க வேண்டும் என்ற கேள்வி எழுகிறது.

ஸ்மித் அண்டு வெஸ்ஸன் 686-ஐ விட்டு இதை வாங்க வேண்டுமா?

686 என்பது 1980-களின் தொடக்கத்திலிருந்து தொடர்ந்து வரும் .357 மேக்னம் ரிவால்வர். அதன் குழலடிக் கட்டையைப் பார்த்தாலே பைத்தானின் நிழல் தெரியும். விலை குறைவு, உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கும், வேலை தெரிந்த கம்மியர் எல்லா ஊரிலும் இருக்கிறார். குறிசுடும் போட்டிக்குப் போகிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். பைத்தானுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் அதன் விசைக்கும் தோற்றத்துக்கும் பெயருக்கும் போகிறது. விசை உண்மையிலேயே நன்றாக இருக்கிறது; பெட்டியிலிருந்து எடுத்த புதிய 686-இன் விசையைவிடத் தொழிற்சாலைப் பைத்தானின் விசை சீராக இருப்பதை ஒப்பிட்டுப் பார்த்த பலர் ஒப்புக்கொள்கிறார்கள்.

பழைய பைத்தானின் உள்பாகங்களைப் புதியதில் போடலாமா?

கூடாது. உருவம் ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளமைப்பு வேறு. கை, தாழ், முதன்மை வில் எதுவும் ஒன்றுக்கொன்று மாறாது. இணையத்தில் ‘பைத்தான் கை’ என்று மட்டும் எழுதி விற்பவரிடம் எந்தப் பைத்தான் என்று கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம்.

தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகலாமா?

பழைய பைத்தானில் தோட்டாவின் பின்புறத்தைத் தாக்கி வெடிக்க வைக்கும் துப்பாக்கி ஊசி சட்டகத்துக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். காலி அறையில் அடித்தடித்து அது ஒடிந்தால் மாற்றுவது எளிதல்ல. ஆகவே பழையதில் போலித் தோட்டா இல்லாமல் பழக வேண்டாம். புதியதிலும் ஆறு போலித் தோட்டாக்களைப் போட்டுக்கொள்வது நல்ல வழக்கம். சில டாலர்தான் செலவு. உண்மைத் தோட்டாக்களை வீட்டின் வேறோர் அறையில் வைத்துவிட்டு வந்து உட்கார வேண்டும்.